ஏழாம் நம்பர்

டப்பா செய்யும் ஆலையில் தரம் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. எந்தப் பிளாஸ்டிக் சாமான் கண்ணில் பட்டாலும் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் நம்பரைப் படித்தாக வேண்டும். அன்று மனைவியின் சமையலறையையே கவிழ்த்துவிட்டார்.

"ஒண்ணாம் நம்பர் தண்ணி பாட்டில். அதையே திரும்பத் திரும்ப ரொப்பி வைக்காதே. ரெண்டு, ஷாம்பு பாட்டில், இருந்துட்டுப் போகட்டும். சாப்பாட்டு டப்பான்னா அஞ்சுதான், சூடு தாங்கும். ஆறு, நுரைக் கப்பு. அதுல டீ ஊத்தாதே."

"ஏழு?"

"எதுலயும் சேராததையெல்லாம் தள்ளிவிடுற நம்பர். அப்பன் பேர் தெரியாத சாமான். அதை வாய்கிட்ட கொண்டுபோறவனுக்குப் புத்தியே கிடையாது."

அவள் தம்பி ஆசையாக வாங்கித் தந்த கிண்ணங்கள் ஏழாம் நம்பர். அவை குப்பைக்குப் போயின. அவள் பீங்கான் கோப்பையில் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, உங்க பல்செட்டு என்ன நம்பர்?"

அது அக்ரிலிக், அக்ரிலிக் ஏழில்தான் சேரும் என்று அவரை விட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தாலும் பழக்கதோஷம் விடவில்லை. கழற்றி, கவிழ்த்துப் பார்த்தார்.