தொண்ணூத்தெட்டு மார்க் வாங்கிய லிஃப்ட்

தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே ஸ்டெல்லாமேரியின் போனில், குடியிருப்புக்காரர்களின் குழுவில், ஒரு செய்தி வந்து விழும். 'இனிய காலை வணக்கம். நம் லிஃப்ட்டின் இன்றைய ஹெல்த் ஸ்கோர் 94. வாழ்த்துகள்.' அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள், கைதட்டும் கைகள், ஒரு ரோஜாப்பூ. செய்தி போடுகிறவர் அசோசியேஷன் செகரட்டரி ஹரிகிருஷ்ணன். கைதட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த லிஃப்ட்டில் ஏறாதவர்கள். ஏறக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள்.

ஏறாதே என்று சொன்ன மனுஷனையாவது ஒரு நாள் மன்னித்துவிடலாம். சரி என்று தலையாட்டிவிட்டு, மூச்சு வாங்க மாடியேறி, சோபாவில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபடி கைதட்டுகிறவர்களை என்ன செய்வது? ஸ்டெல்லாமேரிக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது பாரிஜாதம் அடுக்ககம். நாலு மாடி. ஸ்டெல்லாமேரியும் அவள் புருஷன் தனிஸ்லாஸும் மூன்றாவது மாடி. லிஃப்ட் கட்டடத்தோடு பிறந்தது. பட்டனில் இருந்த எண்கள் எல்லாம் தேய்ந்து போய்விட்டன. போன வருஷம் அது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு உதறு உதறி நிற்க ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து பார்த்து, பாதிச் சாமானை மாற்ற வேண்டும் என்றான். மீட்டிங் போட்டார்கள். மீட்டிங்கில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கீழ்த்தளத்துக்காரர்கள் எழுந்து, "நாங்க லிஃப்ட்டுல ஏறுறதே இல்லியே, நாங்க எதுக்குக் குடுக்கணும்?" என்றார்கள். அதில் முதல் குரல் ஹரிகிருஷ்ணனுடையது. அவர் வீடு வாட்ச்மேன் ரூமுக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில். லிஃப்ட் ஏறாதவர் லிஃப்ட்டுக்குச் செகரட்டரி.

அந்தச் சமயத்தில்தான் விஜய் வந்தான். ஏதோ ஒரு கம்பெனிப் பையன், கழுத்தில் அட்டை. பழைய மெஷின்களின் ஆயுளை நீட்டிக் கொடுக்கும் சாஃப்ட்வேர் என்றான். மோட்டாரில் ஒரு சின்னப் பெட்டி, கதவில் ஒன்று. அவை லிஃப்ட்டின் சூட்டையும் அதிர்வையும் கவனித்து, எந்தச் சாமான் எப்போது போகும் என்று போனில் முன்கூட்டியே சொல்லிவிடும்; லிஃப்ட்டுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு ஹெல்த் ஸ்கோரும் போடும். கெட்டுப்போனதை மட்டும் மாற்றினால் போதும், முழு லிஃப்ட்டை மாற்ற வேண்டாம். உண்மையைச் சொல்ல வேண்டும், மாட்டிய முதல் வாரத்திலேயே அது கதவு உருளை தேய்ந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னது. மாற்றினார்கள். உதறல் நின்றது. ஸ்டெல்லாமேரி அன்றைக்கு விஜய்க்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

பொங்கலுக்குப் பாதி வீடுகள் ஊருக்குப் போயின. திரும்பி வந்தபோது ஸ்கோர் எகிறியிருந்தது. ஹரிகிருஷ்ணன் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது கால் வலிக்கும். ஓடாமல் இருந்தால் லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

முதலில், ஒண்ணாவது மாடிக்காரர்கள் ஏறக் கூடாது என்று ஒரு செய்தி. ஸ்கோர் ஏறியது. அடுத்து, இறங்குவதற்கு யாருமே லிஃப்ட்டைத் தொடக் கூடாது. "கீழ எறங்கறதுக்கு எதுக்குங்க லிஃப்ட்டு? பூமியே இழுக்குதில்ல?" என்று குரல் பதிவு வேறு. இன்னும் ஏறியது. பிறகு காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். கடைசியில் அதுவும் போய், லிஃப்ட் சாவி வாட்ச்மேன் அம்மாவாசையின் இடுப்பில் தொங்கியது. பரீட்சையில் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வது மாதிரி ஹரிகிருஷ்ணன் தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். "நம்ம லிஃப்ட்டு தொண்ணூத்தெட்டு சார். இந்த வயசுல!"

இரண்டாவது மாடி சந்திரகலா ஒருநாள் படியில் இரண்டு பை காய்கறியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சந்திரா, இங்கயே கடை போட்டுட்டியா?"

"மூச்சு வாங்குதுக்கா. நீங்க போங்க."

"காலையில முதல் ஆளா கைதட்டுனது நீதான?"

"எல்லாரும் தட்டுனாங்கக்கா, நான் மட்டும் தட்டலன்னா நல்லாவா இருக்கும்?"

ஸ்டெல்லாமேரி ஒரு பையை மட்டும் வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள்.

இப்படியே இது ஒரு வாய்ச் சண்டையாகவே போயிருக்கும். ஆனால் மூலக்குளம் பக்கம் ஸ்கூட்டரில் வந்த தனிஸ்லாஸ் ஒரு நாயைத் தப்பவிட்டு, தான் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. மூட்டு மாற்றிய ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்ற டாக்டர், கூடவே ஒன்றை அழுத்திச் சொன்னார். இடுப்பை ரொம்ப மடக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு படியேறுகிற வேலை வேண்டவே வேண்டாம். கொஞ்சம் சாய்ந்தாலும் போட்ட மூட்டு கழன்றுவிடும்.

"வீட்டுல லிஃப்ட்டு இருக்கில்ல?" என்று கேட்டார் டாக்டர்.

"இருக்கு டாக்டர்," என்றாள் ஸ்டெல்லாமேரி. சொல்லும்போதே வாய் கசந்தது.

அன்று சாயங்காலமே ஹரிகிருஷ்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் பனியனோடு வந்து, போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வாங்க மேடம். சார் எப்படி இருக்காரு?"

"சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன் சார். லிஃப்ட்ட திறந்து விடணும்."

"சனிக்கிழமையா?" அவர் முகம் சுருங்கியது. "அன்னிக்குத்தான் மேடம் கம்பெனிலேர்ந்து வர்றாங்க. பழைய லிஃப்ட்ட நல்லா வச்சிருக்கறதுக்கு நமக்குத்தான் அவார்டு குடுப்பாங்கன்னு நெனக்கிறேன். விஜய் தம்பி போன் பண்ணி, நேர்ல பாக்கணும், போட்டோ எடுக்கணும்னு சொல்லிச்சு. இப்ப தொண்ணூத்தெட்டு. வீல்சேரோட ஏத்துனா வெயிட்டு, அதிர்வு... ஒரு பாயிண்டு எறங்குனாலும் போச்சு."

"அப்ப அவர எப்படி சார் மேல கொண்டு போறது?"

"திங்கக்கிழமை டிஸ்சார்ஜ் வாங்கிக்க முடியாதா?"

ஸ்டெல்லாமேரி அவரையே பார்த்தாள். அவர் நிஜமாகத்தான் கேட்கிறார். கிண்டலும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அந்த முகத்தில் தொண்ணூத்தெட்டைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

"இல்லன்னா நாலு பசங்கள விட்டு சேர்ல தூக்கிடலாம் மேடம். நானே முன்னாடி நின்னு வழி விடச் சொல்றேன்."

"தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. வேணும்னா ரெண்டு நாளைக்கு நம்ம கீழ் ஹால்ல கட்டில் போட்டுத் தரேன். ஃபேன் இருக்கு."

"பாத்ரூம்?"

"வாட்ச்மேனோடத யூஸ் பண்ணிக்கலாமே."

ஸ்டெல்லாமேரி திரும்பி வந்துவிட்டாள். படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் ஒரு கதவு லேசாகத் திறந்து மூடியது. எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் வெளியே வந்து, நான் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. குழுவில் மட்டும் யாரோ 'தனிஸ்லாஸ் சார் சீக்கிரம் குணமடையப் பிரார்த்திக்கிறோம்' என்று எழுதி, அதற்கும் ஒரு ரோஜாப்பூ வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்தபடியே தனிஸ்லாஸ் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று நிறுத்தினார். அவர் வீட்டில் பெரியவர்கள் பாதிப் பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். யாரையாவது மட்டம் தட்டும்போது மட்டும் அந்தப் பாஷை அவர் வாயில் வரும்.

"முசியே ஹரிகிருஷ்ணன்கிட்ட சொல்லு மேரி. லிஃப்ட்ட மியூசியத்துக்கு எழுதிக் குடுத்துட்டா நூத்துக்கு நூறு வாங்கலாம்."

"ஜோக்கு வேற. எப்படி மேல போவீங்க?"

சிரிப்பு போன பிறகு அந்த முகத்தில் இருந்த பயத்தை அவள் பார்த்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வேன் பாரிஜாதத்துக்குள் நுழைந்தபோது, லிஃப்ட் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. கதவுக்கு மேல் மாவிலை, பூச்சரம். பட்டன் பலகையில் சந்தனம், குங்குமம். கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஹரிகிருஷ்ணன் கையில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நின்றார். அதில் கத்தரிக்கோல். சுற்றிலும் குடியிருப்புக்காரர்கள். லிஃப்ட்டைப் பார்க்க நாலாவது மாடியிலிருந்துகூட நடந்து இறங்கி வந்திருந்தார்கள்.

வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்த ஸ்டெல்லாமேரியைப் பார்த்ததும் அவர் ஓடி வந்தார்.

"மேடம், அரை மணி நேரம். போட்டோ முடிஞ்சிரட்டும். அந்த நிழல்ல நிறுத்துங்க."

"அப்புறம் ஏறலாமா சார்?"

"அப்புறம் பேசிக்கலாம்."

அப்போதுதான் விஜய் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். பூவைப் பார்த்தான், ரிப்பனைப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் போனை எடுத்தான்.

"சார், என்ன ஃபங்ஷன்?"

"நம்ம அவார்டு தம்பி!"

"எந்த அவார்டு சார்? உங்க லிஃப்ட்டுலேர்ந்து ஒரு வாரமா டேட்டாவே வரல. பெட்டி கெட்டுப் போச்சோன்னு பாக்க வந்தேன். ரிப்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும்னு சொன்னேன், அவ்ளோதான்."

"கெட்டுப் போவலியே! தொண்ணூத்தெட்டு காட்டுதே!"

"ஓடுனாத்தான சார் சூடு, அதிர்வு எல்லாம் தெரியும்? நிறுத்தி வச்சா கடைசியா ஓடுனப்ப இருந்த மார்க்குதான் அப்படியே நிக்கும். கரண்டே இல்லாத லிஃப்ட்டுக்கும் அது தொண்ணூத்தெட்டுதான் காட்டும்."

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். இத்தனை மாதம் கைதட்டிய அதே கூட்டம்தான். ஸ்டெல்லாமேரிக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. நேற்று வரை எங்கே வைத்திருந்தார்கள் இதை?

ஹரிகிருஷ்ணன் தாம்பாளத்தை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இருந்தாலும் இன்னிக்கு வேணாம் தம்பி, வர்றவங்க முன்னாடி எறங்கிட்டா..." என்றார்.

"யாரும் வரல சார். நான் மட்டும்தான்."

ஸ்டெல்லாமேரி அம்மாவாசையின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி."

"செகரட்டரி சார் திட்டுவாரும்மா..."

"உன் பாத்ரூம எங்க வீட்டுக்காரருக்குத் தரேன்னு சொல்லியிருக்காரு அவரு. ஒன்கிட்ட கேட்டாரா?"

அம்மாவாசை செகரட்டரியை ஒரு தரம் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தான்.

ரிப்பனை அவள் வெட்டவில்லை. வீல்சேரை அப்படியே முன்னால் தள்ளினாள். தனிஸ்லாஸின் நெஞ்சில் பட்டு, நீண்டு, ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு விழுந்தது ரிப்பன். "மெர்சி, முசியே," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் அவர், ஹரிகிருஷ்ணனைப் பார்த்து ரொம்ப மரியாதையாக.

கதவு திறந்தது. உள்ளே அடைபட்ட வாடை. நுழைந்த பிறகுதான் ஸ்டெல்லாமேரிக்குப் பயம் வந்தது. ஒரு வாரம் அசையாமல் கிடந்த சாமான். பழையபடி நடுவில் உதறி நின்றால்? அவர் இடுப்பு? அவ்வளவு நேரம் இருந்த கோபம் எல்லாம் கால் வழியாக இறங்கிப் போனது. விஜயைப் பார்த்தாள்.

"தம்பி, ஏறலாமா? நிஜத்தச் சொல்லு."

அவன் முதலில் ஆள் இல்லாமல் ஒரு தரம் மேலே அனுப்பிக் கீழே வரவழைத்தான். போனில் கோடுகள் நெளிய ஆரம்பித்தன. அவற்றைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினான். "பிரேக் சரியா இருக்கு. மோட்டாரும் நல்லா இருக்கு ஆன்ட்டி. ஏறுங்க. நானும் வர்றேன்."

லிஃப்ட் ஏறியது. ஒண்ணாவது மாடி, இரண்டாவது மாடி. உதறும் இடம் வந்தபோது ஸ்டெல்லாமேரி கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். உதறவில்லை. கண்ணைத் திறந்தபோது மூன்றாவது மாடி. எதிரே அவள் வீட்டுக் கதவு.

நல்லாத்தான் இருந்திருக்கிறது. அந்தப் பெட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. உருளையை மாற்றின அன்றைக்கே லிஃப்ட் தேறிவிட்டது. தேறாதது கீழே தாம்பாளத்தோடு நிற்கிறது.

தனிஸ்லாஸைக் கட்டிலில் படுக்க வைத்துத் தலையணையைச் சரி செய்தபோது போன் கூவியது. ஹரிகிருஷ்ணன்தான். 'மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது. நம் லிஃப்ட்டின் ஸ்கோர் 95.' துக்கச் செய்தி மாதிரி கறுப்புக் கட்டம் வேறு போட்டிருந்தார். அடியில் யாரும் எதையும் வைக்கவில்லை. எந்தப் பக்கம் சாய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மருந்துப் பை கீழயே இருக்கு மேரி," என்றார் தனிஸ்லாஸ்.

"போறேன்."

"படியிலயா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, லிஃப்ட்டில் இறங்கினாள். பையை எடுத்து வந்தாள். பிறகு வாக்கருக்காக ஒரு தரம். பிறகு தண்ணீர் கேனுக்காக. கறிவேப்பிலைக்காக ஒரு தரம் போனாள். கறிவேப்பிலை வீட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கீழ்த்தளத்தில் கதவு திறக்கும்போது, ஹரிகிருஷ்ணன் வீட்டு ஜன்னலில் ஒரு முகம் போனைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கும்.

நாலாவது தடவை ஏறும்போது இரண்டாவது மாடியில் லிஃப்ட் நின்றது. சந்திரகலா, கையில் குப்பைப் பை.

"கீழதான் போவணும்க்கா. மேல போய்ட்டு எறங்கிக்கிறேன். பரவால்லியா?"

"காலையில கைதட்டுவியா?"

சந்திரகலா உள்ளே வந்து, மூலையில் ஒதுங்கி நின்றாள். ஸ்டெல்லாமேரி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். முழுதாக இல்லை, கொஞ்சம்.