பன்னிரண்டு ரத்து முத்திரைகள்

புது முத்திரையை ஒரு காகிதத்தில் குத்திப் பார்க்காமல் முத்திரைக்காரர் யாரிடமும் கொடுத்ததில்லை. முப்பது வருடப் பழக்கம். கை முன்னால் போகும், கண் சாவகாசமாகப் பின்னால் வரும். அன்று காலை கை போய் விழுந்தது அவருடைய கடையின் வரிப் பதிவுச் சான்றிதழ்மேல். கண்ணாடியைத் துடைப்பதற்காக அதைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்ததும் அவரேதான். நட்டநடுவில், சிவப்பாக, ஓர் எழுத்துகூடக் கலங்காமல் பதிந்திருந்தது: 'ரத்து செய்யப்பட்டது.'

என்ன சுத்தம் என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார். பிறகுதான் அது எந்தக் காகிதம் என்று கண் பார்த்தது.

முத்திரை வரி அலுவலகத்துடையது. பன்னிரண்டு கேட்டிருந்தார்கள், மதியத்துக்குள் ஆள் வரும். சுவரில் சான்றிதழ் இல்லாத கடைக்குப் பூட்டு என்று போன மாதம்தான் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். சான்றிதழில் கடைக்காரரே ரத்து குத்திக்கொண்டால் என்ன தண்டனை என்று அதில் இல்லை. அவரே மனசுக்குள் தீர்ப்பு எழுத ஆரம்பித்தார். மூன்று வருடச் சிறையில் தொடங்கி ஏழில் வந்து நின்றது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். சிவப்பு பரவியதுதான் மிச்சம்.

"ஏங்க, சான்றிதழுக்கு எதுக்கு இந்தக் குளியல்?" என்றாள், பக்கத்தில் ரப்பர் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி.

"என் கடைய நானே மூடிட்டேன்டி."

எட்டிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கடைக்கு வருவது முக்கால்வாசி அரசு அலுவலகங்கள்தான். வீட்டுக்கு முத்திரை வாங்கி யார் எதில் குத்துவார்கள்?

"வர்றவங்ககிட்ட உள்ளத சொல்லிடுங்க. எதையும் மறைக்கத் தெரிஞ்ச மூஞ்சியா உங்களுது?"

வந்தது ஓர் இளம் பெண் அதிகாரி. முத்திரைக்காரர் சான்றிதழை நீட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கை தவறிப் போச்சு மேடம். நான் வேணும்னு..."

"இதுக்கா இப்படி வேர்க்குது? கம்ப்யூட்டர்ல இருக்குண்ணா, வேற எடுத்துக்கலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. வரும்போது வாயையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு ஸ்டாம்ப் இருந்தா பத்து வருஷம் ஓடும் மேடம். பன்னிரண்டு எதுக்கு?"

"மேல கேட்டாங்க." அவள் எண்ணி முடித்த முத்திரைகளை மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

"எந்தக் கடைங்களுக்கு?"

"தெரியலண்ணா. பாக்கலாம்."

"நம்ம கடையும் அதுல இருக்கோ?" வேடிக்கையாகத்தான் கேட்டார். சிரிக்கவும் செய்தார். பக்கத்தில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

அதிகாரி பையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இருக்கு. விற்பனை கம்மியா இருக்கிற கடைங்களோட பதிவ ஒண்ணாந்தேதி ரத்து பண்றாங்க. பதிவு இல்லாத கடையில எந்த ஆபீஸும் வாங்கக் கூடாது. எங்க ஆபீஸும்தான்."

மனைவி எழுந்து போய், சூடாகிக்கொண்டிருந்த அச்சு மெஷினின் சுவிட்சை அணைத்தாள். அப்போது பகல் மணி பதினொன்றுதான்.