பதினைந்து பேனல்களும் ஒரு மனுவும்

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து வந்தது. எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை, மனு எழுதித்தான் பழக்கம். பரளச்சியைச் சுற்றி நாலு ஊருக்கு நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் தமிழில் பிசிறு இருக்காது என்று பெயர்.

போன வாரம், ஏற்கெனவே கொடுத்த ஒரு மனுவைத் திரும்பப் பெறும் மனுவை எழுத உட்கார்ந்தேன். நான்கே வரி. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். இதில் ராமசுப்பு என்று ஒருவர் வருவார். எனக்கு மிகவும் நெருங்கியவர். எவ்வளவு நெருக்கம் என்று கேட்காதீர்கள், குடும்பத்துக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "கதிரவனின் பொற்கரங்கள் கரிசல் மண்ணைத் தழுவிய அந்த—" அடித்துவிட்டேன். இங்கே வெயில் யாரையும் தழுவுவதில்லை.

இரண்டாவது: "சூரிய மின்சாரம் செலவில்லாதது என்று விவசாயிகளை நம்பவைத்தவர்கள்—" இதையும் அடித்தேன். பழியை இன்னொருவர் தலையில் வைக்கப் பார்க்கும் வாக்கியம். அந்த வேலையை ராமசுப்பு ஏற்கெனவே செய்துவிட்டார்.

மூன்றாவது: "ராமசுப்பு வெள்ளிக்கிழமைதோறும் பேனல்களைக் கழுவினார்." இது நிற்கட்டும்.

3

ராமசுப்புவுக்கு ஆறு ஏக்கர் கரிசல், ஒரு போர்வெல். இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினோரு வருடம் வரிசையில் காத்திருந்தார். அதுவரை டீசல் என்ஜின்தான். பிறகு சோலார் பம்புக்கு மானியம் வந்தது. ஆனால் அந்த வரிசையில் உள்ள இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் பங்குக்குக் கட்டிய பணம்கூடப் பெரிதில்லை, பதினோரு வருடத்தைக் கொடுத்ததுதான் உண்மையான விலை. கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து பேனல்கள் வந்து இறங்கின. கம்பெனியிலிருந்து மாட்ட வந்தவள் தங்கமாரி. ஐ.டி.ஐ. படித்தவள், வயது இருபத்தாறு. அவளுடைய அம்மா கருத்தம்மாள் இதே நிலத்தில் மிளகாய் பறித்தவள்.

"வாரத்துக்கு ஒருக்கா தொடைங்கய்யா. போர்த்தண்ணி மட்டும் வேண்டாம், உப்பு. குடிதண்ணில தொடைங்க."

"குடிக்கிற தண்ணியக் கொண்டுபோயி கண்ணாடியில ஊத்தவா? ஏத்தா, வண்டித்தண்ணி கொடம் என்ன வெலைன்னு ஒங்கம்மாளக் கேளு."

"ஒரு கொடம் போதும்யா. துணிய நனைச்சுத் தொடச்சாலே போதும்."

"சரி, சரி."

வாய்தான் சரி என்றது. எந்தத் தண்ணீரில் எதைக் கழுவுவது என்று கருத்தம்மாள் மகளா இந்த வீட்டுக்குச் சொல்வது?*

அந்த வீட்டில் உழைக்கும் எந்தப் பொருளுக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. டீசல் என்ஜினுக்கு இருந்தது, டிராக்டருக்கு இருக்கிறது. பேனலுக்கும் வைத்தார். போர்த்தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவார். பிறகு ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். வெயிலில் அது ஓடாகக் காயும். அடுத்த வெள்ளி, போகாத கறையின் மேலேயே அடுத்த பொட்டு.

(* இந்த வரியை மூன்று முறை எடுத்தேன். எடுத்தால் கதை நடக்காது, வைத்தால் மானம் போகிறது. வைத்திருக்கிறேன்.)

4

பதினான்கு மாதத்தில் தண்ணீர் பாதியானது. மேகம் என்றார் ராமசுப்பு. பிறகு தூசி என்றார். பங்குனியில், பொட்டு மேகம் இல்லாத ஒரு நடுப்பகலில், குழாயில் விரல் கனத்துக்குத்தான் தண்ணீர் வந்தது. மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. அன்றுதான் பேனல்களை உற்றுப் பார்த்தார். கண்ணாடி வெளுத்துப் பால் படர்ந்தாற்போல் இருந்தது. புதுக் கண்ணாடி இப்படியா ஆகும்? தை மாதம், மிளகாய்க் காட்டில் ஆள் இல்லாத நேரத்தில் தங்கமாரி சர்வீசுக்கு வந்து போயிருந்தாள்.

இவ்வளவுதான் ஆதாரம். மனு தயாரானது: "மேற்படி தங்கமாரி என்பவர் எனது புதிய பேனல்களைத் திருடிக்கொண்டு, பழையவற்றை மாட்டிவிட்டார்."

பிழையே இல்லாத வாக்கியம். [எழுத்துப் பிழை இல்லை என்று திருத்தி வாசிக்கவும்.]

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி தங்கமாரியிடம் சொல்லிவிட்டது.

5

இங்கேயே நிறுத்தினால் ராமசுப்பு ஏமாற்றப்பட்ட விவசாயியாக நிற்பார். கௌரவமான கதையாக இருக்கும். ஆனால் மனுவை விசாரிக்க, மானியம் கொடுத்த அலுவலகத்திலிருந்து அதிகாரி காசிராஜன் வந்துவிட்டாரே.

ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தங்கமாரியும் வந்து தள்ளி நின்றாள். காசிராஜன் பேனல்களுக்கு அடியில் குனிந்து, ஒட்டியிருந்த எண்களைத் தன் தாளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பதினைந்தும் முதல் நாள் மாட்டியவைதான். பிறகு கண்ணாடியை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு. எந்தத் தண்ணில கழுவுறீங்க?"

ராமசுப்புவின் மனைவி ஒச்சம்மாள் முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: "போர்த்தண்ணிலதான். வெள்ளிக்கெழம தவறாம இவுகளே கழுவி, சந்தனம் வச்சுட்டுத்தான் சாப்புடுவாக."

"எல்லாம் ஒரே சரமாக் கோத்தது தாயி. ஒண்ணு மூஞ்சி மறைஞ்சாலே மத்ததோட கரண்டையும் சேத்து இழுத்துப்புடும். இங்க பதினஞ்சும்ல மறைஞ்சு கெடக்கு," என்றார் காசிராஜன்.

பக்கத்துக் காட்டுக்காரர் கருத்தப்பாண்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாமா, வத்தலுக்கு உப்புப் போடுவாக. வெயிலுக்குமா போடுவாக?"

[இங்கே "இடி விழுந்ததுபோல்" என்று எழுதியிருந்தேன். பொய். இடிக்குச் சத்தம் உண்டு. ராமசுப்புவுக்குக் காது அடைத்துப்போனது. எல்லோருடைய வாயும் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார், யாருடைய கையையோ பார்ப்பதுபோல.]

காசிராஜன் கிளம்பும்போது சொன்னது மட்டும் காதில் ஏறியது. "பேனல் மாறலன்னு நான் எழுதிருவேன். திருட்டுன்னு எழுதுனது நீங்க. திங்கக்கெழம பத்து மணிக்குத் திருச்சுழி ஆபீசுக்கு வந்து, நீங்கதான் எழுத்துல மாத்தணும். இல்லன்னா அந்தப் புள்ள பேருல அது அப்படியே நிக்கும். கம்பெனி திரும்பச் சேக்காது."

6

தங்கமாரியை என்னால் சரியாக எழுத முடியவில்லை. முதல் வரைவில் அழவைத்தேன். அவள் அழவில்லை.

"வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போத்தா," என்றார் ராமசுப்பு. மன்னிப்புக்குப் பக்கத்தில் அவரால் அவ்வளவு தூரம்தான் வர முடிந்தது.

"டீ வேண்டாங்கய்யா. எங்கம்மா இந்தக் காட்டுல இருவது வருசம் மொளகா பறிச்சா. ஒத்தப் பழத்த மடியில கட்டிட்டு வந்ததில்ல. இப்ப கடைக்குப் போனா, 'எம் மக திருடல'ன்னு கேக்காதவுககிட்டயெல்லாம் சொல்லிட்டு வாரா. அத நிப்பாட்டணும்யா. எழுதுன அதே கையால இல்லன்னு எழுதுங்க. காரணத்தையும் எழுதுங்க."

"காரணமுமா?"

"உப்பையும் எழுதுங்க, சந்தனத்தையும் எழுதுங்க. நான் மொத நாளே சொன்னதையும் எழுதுங்க."

மானம் என்பது தன் வீட்டில் மட்டும் இருக்கும் பொருள் என்று எழுபது வருடமாக நினைத்திருந்தவருக்கு— இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.

7

முடிவு ஒன்று: தங்கமாரி மனம் இளகி, "பெரியவுக, போகட்டும்" என்கிறாள். எழுதிக் கிழித்துவிட்டேன். அவள் இளக வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

முடிவு இரண்டு: அருப்புக்கோட்டையில் வேலைபார்க்கும் மகன் அழகுராஜா போனில் சொன்னது. "'பிறர் சொல்லைக் கேட்டுத் தவறாக எழுதிவிட்டேன்'னு போடுங்கப்பா. நம்ம பேரு தப்பிச்சிரும்."

"யாருலே அந்தப் பிறர்?"

"யாரோ ஒருத்தர். யாருப்பா கேக்கப்போறா?"

டைப் அடித்து, ஆள் மூலம் கொடுத்தனுப்பியும் விட்டான். சுத்தமான தாள். கையெழுத்துப் போட இடம்கூட விட்டிருக்கிறான்.

முடிவு மூன்று: கையால் எழுதிய நான்கு வரி. உப்பு, சந்தனம், அவள் சொன்ன எச்சரிக்கை, யாருடைய மகள் என்பதற்காக அதைக் கேட்காமல் விட்டது. இந்தக் கதையை எழுதி எழுதித்தான் அந்த நான்கு வரியும் வந்தன.

8

திங்கட்கிழமை, பத்து மணி. திருச்சுழி அலுவலகம். தங்கமாரி சுவரோரம் நிற்கிறாள். கருத்தம்மாளும் வந்திருக்கிறாள். ராமசுப்புவின் சட்டைப் பையில் இரண்டு தாள்கள். எழுத்தர் கையை நீட்டுகிறார். ராமசுப்பு பைக்குள் கையை விட்டு—

நிறுத்துகிறேன். நான் இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எந்தத் தாள் வெளியே வந்தது என்று எழுதிவிட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது, படிப்பவர்கள் நம்பியும் விடுவார்கள். ஆனால் கண்ணால் பார்க்காததை நடந்ததாக ஒருமுறை மனுவில் எழுதிவிட்டேன். இன்னொரு முறை எழுத மாட்டேன்.

விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் வரலாமாம். வந்து நீங்களே பாருங்கள்.