இரண்டு நிமிடப் பேச்சு

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அம்மாவுக்குப் பதினாறு வருட வேலை. எந்த வார்டின் படுக்கை விரிப்பு என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அங்கே மேற்பார்வையாளர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்தது நீதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த வேலைக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும். அம்மா பள்ளியைப் பாதியில் விட்டவள்.

நாற்பத்திரண்டு வயதில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்து, கணக்கோடும் அறிவியலோடும் மல்லுக்கட்டி முடித்தாள். சான்றிதழ் கேட்கப் போன அன்றுதான் எழுத்தர் குண்டைத் தூக்கிப் போட்டார். இந்த வருடத்திலிருந்து பொருளாதாரம், அரசாங்கம் என்ற இரண்டு பாடங்களும் கட்டாயமாம். அந்த இரண்டும் தேறாமல் யாருக்கும் சான்றிதழ் கிடையாதாம்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "போர்வை துவைக்கிறவளுக்கு மந்திரிசபை எதுக்குடி? நான் என்ன தேர்தல்ல நிக்கப் போறேனா?"

"நின்னா என் ஓட்டு உனக்குத்தான்" என்றார் அப்பா.

"நீங்க பேசாம இருங்க."

நான் அப்போது பள்ளியில் கடைசி வகுப்பு. அதே இரண்டு பாடங்கள் எனக்கும் வந்திருந்தன. ஒரே புத்தகத்துக்கு அம்மாவும் மகளும் அடித்துக்கொண்டோம். தேவை கூடினால் விலை ஏறும் என்ற வரைபடப் பக்கத்தில் நான் முழித்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது தெரியாதா? வியாழக்கிழமை ஆபரேஷன் நாள். விரிப்பு பத்தாது. மத்த நாள் முகம் கொடுத்துப் பேசாத நர்ஸெல்லாம் அன்னிக்கு எனக்கு டீ வாங்கிட்டு வருவாங்க. இதுக்குப் போய் ரெண்டு கோடு வரைஞ்சு வச்சிருக்கான்."

அரசாங்கப் பாடத்தில் ஒரு செய்முறை இருந்தது. நகராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போய், பொதுமக்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஏதாவது ஒரு குறையை இரண்டு நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். அதற்கு இருபது மதிப்பெண்.

"எதைப் பத்திப் பேசப் போறே?" என்று அப்பா துருவித் துருவிக் கேட்டார்.

"வந்து கேட்டுக்குங்க."

நானும் அப்பாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அம்மா எழுதி வைத்த காகிதத்தோடு மைக் முன்னால் போய் நின்றாள். முதல் வரியைத் தொலைத்துவிட்டு, காகிதத்தை மடித்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வர்ற பதினாலாம் நம்பர் பஸ் முன்வாசல்ல மட்டும் நிக்குதுங்க. சலவை, சமையல், துப்புரவு எல்லாம் பின்வாசல் பக்கம். பஸ் அந்தப் பின்வாசலை ஒட்டித்தான் போகுது, ஆனா நிக்காது. நாங்க முன்னாடி இறங்கி, மழையானாலும் வெயிலானாலும் பன்னிரண்டு நிமிஷம் திரும்பி நடக்கிறோம். மூணு நாள் நின்னு எண்ணிப் பார்த்தேன், காலையில மட்டும் எழுபத்தோரு பேர். டிரைவர்கிட்டயும் பல தடவை சொல்லிட்டேன். நிறுத்தம் இல்லாத இடத்துல நிறுத்தவே மாட்டார். ரொம்ப நேர்மையான மனுஷன். எனக்கு நல்லாத் தெரியும், நான் கட்டிக்கிட்டவர்தான்."

மன்றமே சிரித்தது. அப்பாவின் காது சிவந்துவிட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த டிரைவர் வந்திருக்காரா?"

அப்பா எழுந்து நின்றார்.

"அங்க நிறுத்தினா வண்டி லேட் ஆகுமா?"

"நாப்பது வினாடி ஆகுங்க. அதை நேர் ரோட்டுலயே பிடிச்சிடலாம்."

"பின்னே ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?"

"யாரும் கேக்கலைங்க."

வீடு திரும்பினோம். கதவைச் சாத்தியதும் அம்மா அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். "வெறும் நாப்பது வினாடி! பதினாறு வருஷமா நனைஞ்சுக்கிட்டு நடந்தேனே, மனசு வரலையா உங்களுக்கு?"

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார். "நிறுத்தக் கூடாதுன்னு தெரியும். மாத்தச் சொல்லிக் கேக்கலாம்னு எனக்குத் தெரியாதும்மா. உன்னை வண்டியில வச்சுக்கிட்டு பின்வாசலைத் தாண்டிப் போற ஒவ்வொரு நாளும், உன் முகம் தெரியுற கண்ணாடியைப் பாக்காமத்தான் ஓட்டுவேன்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

இரண்டு மாதத்தில் பின்வாசலில் ஒரு கம்பமும் 'பேருந்து நிறுத்தம்' என்ற தகரப் பலகையும் வந்தன. தேர்வு முடிவும் வந்தது. பொருளாதாரத்தில் நான் அம்மாவை முந்தினேன். அரசாங்கத்தில் அவள் என்னைவிட ஒன்பது மதிப்பெண் அதிகம். அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவர் அப்பாதான்.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், அம்மா இடுப்பைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள்.

"நாள் முழுக்க உக்காந்தே இருந்தா இப்படியா வலிக்கும்?"

"பஸ் ஓட்டுறவன்கிட்டயா கேக்கிறே?" என்று அப்பா தைலத்தைத் தேடப் போனார்.