டேப்பின் மறுமுனை

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்துக்குக் கம்பளக் கடைக்காரர் போட்ட விலை இரண்டே வார்த்தை: ‘தனி ஆளாக.’ பத்திரிகைப் பேட்டியில் கொட்டை எழுத்தில் வந்திருந்தது, தனி ஆளாக முன்னுக்கு வந்தாராம். “வீட்டுக்காரம்மா?” என்று நிருபர் கேட்டதற்கு, “அவங்க வீட்டைப் பாத்துக்கறாங்க” என்று பதில்.

கல்லாவில் உட்கார்ந்து அதைப் படித்த மனைவி சிரித்துவிட்டாள். அளவெடுக்கப் போன இடமெல்லாம் குத்துக்காலிட்டு டேப்பின் மறுமுனையை அமுக்கிப் பிடித்த கட்டைவிரல் அவளுடையது. ஒரு ஆள் வைக்கலாமே என்றால், “அதான் நீ இருக்கியே, சம்பளம் தண்டம்” என்பார்.

மறுநாள் ஒரு தங்கும் விடுதியின் கூடத்தை அளக்க வேண்டும். அரை வருஷ வியாபாரம்.

“கிளம்பலையா?”

“தனி ஆளுக்குத் துணை எதுக்குங்க? பேப்பர்ல வந்தது பொய்யாகிடப் போகுது.”

“ஓஹோ, நீ வராட்டி டேப் நீளாதோ?”

மதியம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். மறுமுனையில் செருப்பைக் கழற்றி வைத்தாராம், கச்சிதமாக நின்றதாம்.

“ஆர்டர் எழுது. நீளம் நாற்பதடி.”

பேனா நின்றது. எட்டு வருஷத்துக்கு முன் அதே கூடத்துக்குக் கம்பளம் போட்டதும் இவர்கள்தான். நாற்பத்திரண்டு. அன்று குந்தியிருந்த முழங்காலுக்கு இன்னும் நினைவிருக்கிறது. இழுத்த இழுப்பில் செருப்பு பின்னாலேயே நகர்ந்து வந்திருக்கிறது, பாவம், விசுவாசமான செருப்பு.

‘நாற்பது’ என்று முத்து முத்தாக எழுதினாள். “கையெழுத்தை நீங்களே போடுங்க.”

கம்பளம் விரிக்கும் அன்று, பீரோவிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு அவளும் போனாள். வாசலோரம் இரண்டடி வெறுந்தரை பல்லை இளித்தது. விடுதி மேலாளர் கத்தக்கூட இல்லை. “சுருட்டி எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார்.

“நீயாவது பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நான் வீட்டைத்தானே பாத்துக்கறேன்? உங்க செருப்பைக் கேளுங்க.”

அவர் தனியாகச் சுருட்டினார். ஒரு பக்கம் இறுகியது, மறுபக்கம் கோணிக்கொண்டு ஓடியது. மூன்றாவது தடவையும் கோணியதும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் வந்திருந்தாள். ஆற அமர வாங்கிக்கொண்டாள். கைவிட்டுப் போன அரை வருஷ வியாபாரம் தன்னுடையதும்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. நல்ல புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமுனையில் குந்தினாள்.

இருவரும் சேர்ந்து சுருட்டினார்கள். கம்பளத்தில் குறைவு இரண்டடி. அவர் வாயிலிருந்து வரவேண்டிய ‘தனி ஆளா இல்ல, நீயும்தான்’ பாக்கி. அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய ‘நாற்பத்திரண்டு’, அதுவும் பாக்கி.