பதினோர் அலகு நீலம்

ஆவுடைநாயகிக்கு மஞ்சள் காமாலை கண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. செண்பகராமன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஏழு மணிச் செய்தி வாசிப்பவர் அவர். பதினோர் ஆண்டுகளாக அந்த வீட்டில் வேறு எவரும் செய்தி வாசித்ததில்லை.

நோய்க்குச் செய்ய வேண்டியவை அனைத்தும் செய்யப்பட்டன. செண்பகராமனின் மனைவி பூரணம் நாள்தோறும் காலையில் கீழாநெல்லியை அரைத்து, மோரில் கலக்கி, ஒரு தம்ளரில் ஊற்றித் தொலைக்காட்சியின் முன் வைத்தார். எட்டு மணிக்குத் தம்ளர் காலியாக இருந்தது. வீட்டில் எண்ணெய் நிறுத்தப்பட்டது. தாளிக்கும் வாசனை பத்தியத்தைக் கெடுத்துவிடும். நண்பகல் சமையல் நிகழ்ச்சியில் வடை சுடத் தொடங்கினால், பூரணம் அடுக்களையிலிருந்து ஓடிவந்து வேறு சேனலுக்கு மாற்றினார்.

அப்படியும் மஞ்சள் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொலைக்காட்சிக்கு அடியிலுள்ள இடுக்கின் வழியே வந்தது; நிலையத்துக் கடிதங்கள் வழக்கமாக வரும் வழி அதுதான். மேற்படி வாசிப்பாளரின் நிறம் சரியாக உள்ளது என்னும் சான்றிதழ் இன்று மாலை ஏழு மணிக்குள் வந்துசேர வேண்டும் என்று அதில் இருந்தது. தவறினால் அவர் குடியில்லாத வீடு ஒன்றுக்கு மாற்றப்படுவார்.

செண்பகராமன் பாளையங்கோட்டையில் பேருந்துப் பணிமனையின் நேரக் காப்பாளர். மாற்றல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். குடியில்லாத வீடு என்றால் என்னவென்றும் தெரியும். பூட்டிய கதவுக்குள், துணி போர்த்திய நாற்காலிகளைப் பார்த்து, நாள்தோறும் ஏழு மணிக்கு வணக்கம் சொல்ல வேண்டும். பதில் வணக்கம் வராது. செண்பகராமனின் தந்தை இறந்த அன்று, ஆவுடைநாயகி தலைப்புச் செய்திகளை மட்டும் தாழ்ந்த குரலில் வாசித்துவிட்டு, விளையாட்டுச் செய்தியை விட்டுவிட்டார். செண்பகராமன் அதை மறந்தவரல்லர்.

“போனா என்ன அண்ணாச்சி,” என்றார் ஆவுடைநாயகி திரையிலிருந்து. “காலி வீட்டுல சத்தமா வாசிக்க வேண்டாம்லா. தொண்டைக்கு நல்லதுன்னு சொல்லுதாங்க.”

“நீ சும்மா இரு தாயி.”

பூரணம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “ஆறு மாசமா வைத்தியரத்தான் கூப்பிட்டோம்,” என்றார். “அளக்குதவர ஒருநாளாவது கூப்பிட்டோமா?”

செண்பகராமன் உடனே வேதமாணிக்கத்துக்குத் தொலைபேசியில் பேசினார். வீட்டுத் தொலைக்காட்சிகளின் படத்தை அளந்து திருத்துவது வேதமாணிக்கத்தின் தொழில். இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார். இரண்டு நாற்பதுக்கு வந்தார்.

“லிஃப்டுல இருந்து உங்க கதவு வரைக்கும் நாப்பத்தோரு மீட்டர்,” என்றார் வாசலில் நின்று. “போன்ல ஒம்பதுன்னு சொன்னீங்க.”

“மத்தியானம் கொஞ்சம் நீளும்.”

“சொல்லிருந்தா சீக்கிரம் பொறப்பட்டிருப்பேன்.”

அதற்குமேல் அவர் குறைகூறவில்லை. குறிப்பேட்டை எடுத்து, நாற்பத்தொன்று என்று எழுதி, நேரத்தையும் எழுதினார். செண்பகராமனுக்கு அந்தக் கணமே அவர்மீது மதிப்பு உண்டாயிற்று.

வேதமாணிக்கம் சாம்பல் நிறச் சட்டையும் சாம்பல் நிறக் கால்சட்டையும் அணிந்திருந்தார். தம் உடையின் நிறம் திரையில் பட்டு அளவைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. மீசையும் சாம்பலாகவே இருந்தது. அது வயதால் வந்ததா, தொழிலுக்காக வைத்துக்கொண்டதா என்று கேட்க எவருக்கும் துணிவில்லை.

திரைச்சீலைகளை இழுத்து மூடினார். பிறகு பூரணத்தைப் பார்த்தார்.

“மதினி, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க சேல ஆரஞ்சு. அதுல ஆறு சதவீதம் இப்ப திரையில இருக்கு.”

பூரணம் அடுக்களைக்குப் போய்க் கதவிடுக்கில் ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டார். வேதமாணிக்கம் அந்தக் கண்ணையும் அளந்தார். இருக்கட்டும் என்றார்.

“ஒரு மணி நேரம் செட்டு ஓடட்டும் அண்ணாச்சி. சூடேறணும். ஆறிப்போன செட்டு உண்மை பேசாது.”

ஒரு மணி நேரம் ஓடிற்று. ஆவுடைநாயகி சென்ற ஆண்டின் அணை நீர்மட்டங்களை நினைவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முறை பாபநாசத்தில் அரை அடி பிசகியது. அவரே திருத்திக்கொண்டார். வேதமாணிக்கம் தலையசைத்தார். ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியை அறிந்துகொண்ட அசைவு அது.

பிறகு பையிலிருந்து எலுமிச்சம்பழ அளவுள்ள ஒரு கருவியை எடுத்து, வெல்வெட்டுத் துணியால் துடைத்து, திரையின் நடுவே தொங்கவிட்டார்.

“முகத்துல வைக்கலையா?” என்றார் செண்பகராமன்.

“முகத்தப் பாத்து முகத்தத் திருத்துதவன் அரைகுறை. சாம்பல் சரியாச்சுன்னா முகம் தன்னால சரியாகும்.”

ஆவுடைநாயகியின் மேசைக்கு அடியில் பதினோர் அட்டைகள் இருந்தன. முதலாவது கறுப்பு. கடைசி வெள்ளை. இடையில் இருந்த ஒன்பதும் சாம்பல். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று வெளுப்பு. அவற்றை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கித் தம் முகத்தை மறைத்துப் பிடித்தார்.

“அஞ்சாவது அட்டைய நேராப் பிடி தாயி,” என்றார் வேதமாணிக்கம், கருவியின் எண்ணைப் பார்த்தபடி.

“கை வலிக்கு.”

“வலிக்கத்தான் செய்யும். அஞ்சாவதுல கோணினா அம்புட்டும் கோணிரும்.”

ஒவ்வோர் அட்டையையும் மும்முறை அளந்தார். ஏழாவதை அளக்கும்போது தெருவில் ஒரு பேருந்து ஒலியெழுப்பியதால், ஏழாவதை நான்காம் முறையும் அளந்தார். அவ்வளவு நேரமும் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. எண்களை மட்டுமே பார்த்தார். கண் நயம் பேசும், எண் பேசாது என்று அவர் நம்பினார். முப்பத்து நான்கு எண்களையும் எழுதி முடித்து, அடியில் ஒரு கோடு கிழித்தார்.

“மஞ்சள் கூடல அண்ணாச்சி. மஞ்சள் இருக்க வேண்டிய அளவுதான் இருக்கு. நீலம் கொறஞ்சு போச்சு. பதினோரு அலகு.”

“அப்போ கீழாநெல்லி?”

“கீழாநெல்லிக்கு நீலம் ஊறாது.”

கதவிடுக்கில் பூரணத்தின் கண் கலங்கியது. கருவியின் எண் சற்றே மாறியது. கண் தெளியும்வரை வேதமாணிக்கம் காத்திருந்தார்.

“செட்டுல நீலத்தக் கடைசி வரைக்கும் ஏத்தியாச்சு,” என்றார். “இனி செவப்பையும் பச்சையையும் கொறைக்கலாம். நெறம் சரியா வந்துரும். ஆனா வெளிச்சம் செத்துப்போகும். தாயி கரண்டு போன வீட்டுல இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.”

“அதுக்குச் சான்றிதழ் குடுப்பீங்களா?”

“மாட்டேன். நெறம் சரி, படம் தப்பு. தப்பான படத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்காது.”

செண்பகராமன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மதிப்புத்தான் கூடிற்று.

“வேற வழி?”

“வீட்டுல இருந்து எடுக்கலாம். வெளிய உள்ள நீலம் இவுகளுக்கு ஒத்துக்கிடாது. பதினோரு வருசம் இவுக கூடவே இருந்த நீலமா இருக்கணும்.”

வீட்டிலுள்ள நீலங்கள் அனைத்தும் வந்தன. குளியலறை வாளியைக் கருவியின் முன் வைத்தார்கள். ஒன்றரை அலகு, அதுவும் பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிய மறுத்தது. பேனா மை கால் அலகுக்குமேல் போகவில்லை. பூரணம் கதவிடுக்கு வழியாகச் சொட்டு நீலப் புட்டியை நீட்டினார்.

“இது எட்டு காட்டும் மதினி. நம்பிராதீங்க. இது வெள்ளைய ஏமாத்துத நீலம்.”

செண்பகராமன் திரைச்சீலையை ஒரு விரற்கடை விலக்கி வானத்தைக் காட்டினார்.

“நெறைய இருக்கு,” என்றார் வேதமாணிக்கம் மரியாதையுடன். “ஆனா அது உங்க பேர்ல இல்லையே.”

கடைசியாகச் செண்பகராமன் தம் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். துவைத்துத் துவைத்து மூன்று அலகாகியிருந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் கையை நீட்டியபோது, வெற்று மார்போடு கருவியின் முன் நின்றார். கருவியின் எண் எழுந்து, பதினொன்றில் நின்றது.

வேதமாணிக்கம் கருவியைத் துடைத்து மறுபடியும் அளந்தார். பதினொன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் எண்ணைச் செண்பகராமன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அடுக்களைக் கதவு முழுவதும் திறந்தது.

“இவுககிட்ட உள்ளத எடுத்துட்டா, இவுகளுக்கு?” என்றார் பூரணம்.

“கொஞ்சம் மஞ்சளாயிருவாக மதினி.”

“அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்படி டிப்போவுக்குப் போவாக?”

“டிப்போவுல எல்லாவனும் கடியாரத்தத்தான் பாப்பான்,” என்றார் செண்பகராமன். “இருபத்தாறு வருசத்துல என் மூஞ்சிய எவன் பாத்தான்?”

ஆவுடைநாயகி அட்டையைக் கீழே வைத்துவிட்டார். “வேண்டாம் அண்ணாச்சி. மாத்தல வாங்கிட்டு நான் போயிருதேன். காலி வீட்டுலயும் ஒரு பல்லியாவது இருக்கும்லா.”

“உங்கிட்ட யாரு கேட்டா? அட்டையத் தூக்கு.”

“மதினி, நீங்களாவது சொல்லுங்க.”

பூரணம் கணவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவுக சொல்லுதாகல்ல,” என்றார். “தூக்கு.”

ஆவுடைநாயகி அட்டையைத் தூக்கினார். செண்பகராமன் நாற்காலியில் அமர்ந்தார்.

வலி எதுவும் இருக்கவில்லை. முடிதிருத்துபவரிடம் பிடரியைக் கொடுத்திருப்பது போல இருந்தது. வேதமாணிக்கம் ஓர் அலகை எடுப்பார், அட்டைகளை அளப்பார், எழுதுவார், அடுத்த அலகுக்கு வருவார். அவர் கை எங்கும் விரையவில்லை, எங்கும் தயங்கவும் இல்லை. பத்தாவதில் நிறுத்திவிட்டு, செட்டுக்கும் செண்பகராமனுக்கும் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தார்.

“பத்தோட விட்டா என்ன?” என்றார் பூரணம். “பாக்கிறவுகளுக்குத் தெரியவா போகுது?”

“தெரியாது மதினி.” சற்று யோசித்தார். “ஏழாவது அட்டைக்குத் தெரியும்.”

பதினொன்றாவது அலகை அவர் எடுத்த விதத்தைச் செண்பகராமன் தம் வாழ்நாளில் கண்ட வேறு எதனோடும் ஒப்பிட முடியவில்லை. உறங்கும் குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை, அது ஒலிக்காதபடி, வாங்கியது போல இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வேதமாணிக்கம் கருவியைக் கழற்றினார். அளக்கத் தொடங்கியபின் முதன்முறையாகத் திரையை ஏறிட்டுப் பார்த்தார்.

“அட்டைய எறக்கு தாயி.”

ஆவுடைநாயகி இறக்கினார்.

முகம் முகமாக இருந்தது. ஆறு மாதமாக அவர்கள் கறுப்பென்று நினைத்திருந்த சேலைக்கரை கருநீலமாக இருந்தது. பின்சுவர் ஒரே சுவர் அல்ல, இரண்டு சுவர்கள் சேரும் மூலை என்பது தெரிந்தது. மேசைமீதிருந்த தண்ணீரில் தண்ணீர் தெரிந்தது. காதோரம் நான்கு நரைமயிர்கள் இருந்தன. பதினோர் ஆண்டுகளில் அவருக்கும் வயதாகியிருந்தது. இதுநாள்வரை அதை எந்தப் படமும் அவர்களிடம் சொன்னதில்லை.

“ஏட்டி, உனக்கு நரச்சிருக்கு,” என்றார் பூரணம்.

“உங்களுக்கும்தான் மதினி. நான் இத்தனை நாளு சொல்லல.”

வேதமாணிக்கம் சான்றிதழை எழுதினார். திருத்தத்துக்கு முன் உள்ள எண்களை இடப்பக்கமும், பின் உள்ளவற்றை வலப்பக்கமும் எழுதிக் கையெழுத்திட்டார். ஆறு ஐம்பத்தொன்றுக்கு அதை இடுக்கில் செருகினார். உள்ளே ஒரு முத்திரை விழும் ஓசை கேட்டது.

“பதினஞ்சு நாளைக்கு ரிமோட்டத் தொடாதீங்க,” என்றார் பையை மூடியபடி. “மொதல்ல பாக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கும். பழகிரும்.” பிறகு பூரணத்துக்குச் செண்பகராமனைக் காட்டினார். “இவுகளும் அப்படித்தான்.”

வாசலில் நின்று நடைவழியை அளந்தார்.

“ஒம்பது.”

“சாயந்தரம் சுருங்கிரும்,” என்றார் செண்பகராமன்.

வேதமாணிக்கம் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

ஏழு மணிக்கு ஆவுடைநாயகி வணக்கம் சொன்னார். இருவரும் பதில் வணக்கம் சொன்னார்கள். மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். செண்பகராமன் கூர்ந்து பார்த்தார். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. பழமொழியைச் சொன்னவர் வேதமாணிக்கத்தை அறியாதவர்.

தலைப்புச் செய்திகள் முடிந்தன. அணை நீர்மட்டங்கள் முடிந்தன. ஆவுடைநாயகி அடுத்த தாளை எடுத்தார்.

“பாளையங்கோட்டையில், மூன்றாவது மாடியில் வசிக்கும் நேரக் காப்பாளர் ஒருவருக்கு இன்று மாலை மஞ்சள் காமாலை கண்டிருக்கிறது. அவர் நலமாக உள்ளார்.” தாளிலிருந்து நிமிர்ந்தார். “மேற்கொண்டு செய்திகள் நாள்தோறும் இதே நேரத்தில் வாசிக்கப்படும்.”

விளையாட்டுச் செய்தியை விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் பூரணம் கீழாநெல்லி அரைக்கவில்லை. ஆயினும் தொலைக்காட்சியின் முன் ஒரு தம்ளர் நிறைந்திருந்தது. இம்முறை அது திரைக்குள்ளிருந்து செண்பகராமனின் நாற்காலியை நோக்கி நீட்டி வைக்கப்பட்டிருந்தது.

“கசக்கு,” என்றார் செண்பகராமன்.

எட்டு மணிக்குத் தம்ளர் காலியாக இருந்தது.

நண்பகல் சமையல் நிகழ்ச்சியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சமையற்காரர் உளுந்துமாவை உள்ளங்கையில் தட்டி, நடுவே துளையிட்டுவிட்டு, திரைக்கு இப்பால் ஒருமுறை பார்த்தார். பிறகு மாவைப் பாத்திரத்தில் திரும்பப் போட்டார். வாணலியை இறக்கிவைத்துவிட்டு, இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினார்.