மூக்கு நுழைந்த நேரம்

1

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் தங்கை போன் செய்தாள். பதினேழாம் எலிக்கு ஸ்டாப்வாட்சைச் சீக்கிரம் நிறுத்திவந்திருப்பதாகச் சொன்னாள். அண்ணன் ஆறுதல் சொல்லவில்லை, பேனாவைத் தேடினான். இந்தக் கதை இப்படித்தான் பிறந்தது. (வெட்கப்பட வேண்டிய இடம். எழுதி முடித்தபின் படுவதாக இருக்கிறான்.)

2

முதல் தொடக்கம்: ‘இளமை என்பது ரத்தத்தில் ஓடும் ஒரு—’

என்ன ஓடுகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அடித்துவிட்டான்.

இரண்டாவது: தங்கையின் ஆய்வுக்கூடத்தில் கிழட்டுச் சுண்டெலிகளுக்கு இளம் எலிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றி, மூளை தேறுகிறதா என்று பார்க்கிறார்கள். வட்டப் பலகையில் இருபது ஓட்டைகள். ஒன்றின் அடியில் மட்டும் ஒளிய இடம். நேற்றுக் கண்டுபிடித்த ஓட்டை இன்று நினைவிருக்கிறதா? நேரம் குறிப்பது அவள் வேலை. எந்த எலிக்குப் பிளாஸ்மா, எதற்கு வெறும் உப்புநீர் என்று அவளிடம் சொல்வதில்லை. ஆசை கையை இழுத்துவிடும்.

இழுத்தது. பதினேழின் மயிர் பளபளத்தது. பிளாஸ்மா இதற்குத்தான் என்று அவளாக முடிவு கட்டினாள். நாலு காலும் உள்ளே போனபின் நிறுத்த வேண்டியதை, மூக்கு நுழைந்ததுமே நிறுத்தினாள். ஐந்து வாரம். அந்த எலிக்கு ‘அப்பா’ என்று பெயரும் வைத்திருந்தாள்.

வீட்டில் அசல் அப்பா குளியலறை என்று நினைத்து அலமாரியைத் திறக்கிறார்.

3

(எலிக்கு அப்பா பெயரா? வாசகர் நம்ப மாட்டார் என்று எழுதுகிறவனுக்குச் சந்தேகம். தங்கையிடமே கேட்டான். “நடந்ததைத்தான் சொன்னேன். வேணும்னா மாமான்னு மாத்திக்கோ,” என்றாள்.)

4

முடிவு அ: தலைமை ஆய்வாளரிடம் சொல்கிறாள். ஐந்து வார அளவுகள் குப்பைக்குப் போகின்றன. வேலையும் போகலாம்.

முடிவு ஆ: சொல்லவில்லை. கட்டுரை வெளியாகிறது. எங்கோ ஒரு மகள் அதை நம்பி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊசிக்கு அலைகிறாள்.

முடிவு இ: அப்பா சரியான கதவைத் திறக்கிறார். ஜன்னலில் இளவெயில்— (வேண்டாம். வெறும் உப்புநீர்.)

எது பிடித்திருக்கிறது என்று கேட்டு மூன்றையும் தங்கைக்கு அனுப்பினான்.

5

அவள் கூப்பிட்டாள். தலைமை ஆய்வாளரின் அறை வாசலில் நிற்பதாகவும், உள்ளே போய்ச் சொல்லிவிடப்போவதாகவும் சொன்னாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் காத்திருந்தான், எழுதுகிறவர்களுக்குப் பாராட்டு தாமதமாகத்தான் வரும்.

போன வாரம் டாக்டர் அப்பாவுக்கு வைத்த ஞாபகச் சோதனையைப் பற்றி ஆரம்பித்தாள். முன்பைவிட நாலு மதிப்பெண் கூட. பயமில்லை, இனி அடுத்த வருஷம் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்களே, அந்தச் சோதனை.

“அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தது நீதானே. நீ பதில் எதையும் எடுத்துக் கொடுக்கலையே, அண்ணா?”